நடுக்கூடத்துப் பாய்

இன்னும் தொடங்கவில்லை. நாகஜோதி இலையில் கிடந்த சோற்றைக் குழம்போடு பிசைந்தாள், பிசைந்ததையே மறுபடியும் பிசைந்தாள், வாய்க்கு எடுத்துப் போக மறந்து கை இலையிலேயே நின்றது, ஏனென்றால் அவள் காது இங்கே இல்லை. அது அடுப்படி வாசலைத் தாண்டி, கூடத்தில், மின்விசிறிக்கு நேர் கீழே, அவளே விரித்துப் போட்டிருந்த கோரைப்பாயின் பக்கத்தில் போய் உட்கார்ந்திருந்தது. அந்தப் பாயில் அவள் புருஷன் பாண்டீஸ்வரன் மல்லாந்து படுத்திருந்தான். கிடாக்கறி தின்றால் மல்லாந்துதான் படுப்பான். காலையில் கோயிலில் நாத்தனார் அழகுமீனாவின் பையனுக்கு மொட்டை போட்டுக் காது குத்தினார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும், தாய்மாமன் அவன், ஆகவே இன்றைக்கு அவன்தான் ராஜா. மாலை அவனுக்கு, பட்டுத்துண்டு அவனுக்கு, கறியில் முதல் கரண்டி அவனுக்கு. பந்தியில் நாகஜோதியே பக்கத்தில் நின்று பரிமாறினாள். ஈரல் வறுவலை மறுபடி வைத்தாள், குடல் குழம்பை மறுபடி ஊற்றினாள், போதும் போதும் என்று அவன் இலையை மறைத்த கையின் மேலேயே ஊற்றுவது போல் பாவனை செய்து சிரித்தாள். “என்னடா ஈஸ்வரா, ஒம் பொண்டாட்டி கவனிப்பு இன்னைக்குப் பலமா இருக்கு” என்று அழகுமீனாவின் மாமனார் சந்தனம் கேட்டபோது பந்தியே சிரித்தது. அவனும் சிரித்தான். சிரி. நன்றாகச் சாப்பிடு. கடைசியில் கெட்டித் தயிர் போட்டாள். பிறகு கூடத்தின் நட்டநடுவில் பாயை விரித்தாள், ஓரமாக அல்ல, நடுவில். வீட்டிலேயே தட்டையான தலையணையைத் தேடி எடுத்துப் போட்டாள். தினமும் அவன் முதுகுக்கு முட்டுக்கொடுத்து ஒருக்களித்துப் படுக்க வைக்கிற நீளத் தலையணையைக் காலையிலேயே பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகியிருந்தாள். பழிவாங்குவது என்றால் ஏதோ பெரிய காரியம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள். ஒரு தலையணையை ஒளித்து வைத்தால் போதும்.

ஆனால் இன்னும் தொடங்கவில்லை. கூடத்தில் பேச்சுத்தான் கேட்டது. சந்தனத்தின் குரல், யாரோ கிடாயின் எடையைப் பற்றி, யாரோ மழையைப் பற்றி, நடுவில் பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்குகிற சத்தம். அது அப்பா. எட்டிப் பார்க்காமலே தெரியும். சம்மந்தி என்று முறையாகக் கூப்பிட்டு வந்தவர் நாற்காலியில் உட்கார வேண்டுமே தவிர நாற்காலி அடுக்கக் கூடாது என்று அவருக்கு எப்படிப் புரியவைப்பது. பரோட்டா மாஸ்டர் வெள்ளைச்சாமிக்கு விசேஷ வீட்டில் சும்மா இருக்க வராது. வந்ததும் வராததுமாகப் பின்பக்கம் சமையல்காரர்களிடம் போய் நின்றுகொண்டு வெங்காயம் நறுக்க ஆரம்பித்துவிட்டார். நாகஜோதிதான் கையைப் பிடித்து இழுத்து வந்து கூடத்தில் உட்கார வைத்தாள். “ஏன்த்தா, அங்கன நல்லாத்தானே இருந்தேன்” என்றார். “இங்கன உக்காருங்கப்பா. மாப்ள பக்கத்துல உக்காருங்க. எந்திரிக்கக் கூடாது.” “சரித்தா. மாப்ள ஏதும் பேசணும்னாரா?” இல்லை அப்பா, மாப்பிள்ளை பேச மாட்டார், அவர் தூங்குவார், நீங்கள் கேட்க வேண்டும், அவ்வளவுதான். அதை அவள் சொல்லவில்லை. இலையில் எலும்பு ஒன்று கிடந்தது. அதைத் திருப்பிப் போட்டாள். பக்கத்தில் அழகுமீனா நல்லிக்குள் இருப்பதைத் தட்டித் தட்டி உறிஞ்சிக்கொண்டிருந்தாள். எதிரில் அத்தை, பாண்டீஸ்வரனின் அம்மா பேச்சியம்மாள், சாப்பிட்டுக்கொண்டே, மிச்சக் குழம்பை எந்தப் பாத்திரத்துக்கு மாற்றுவது என்று யாருக்கோ உத்தரவு போட்டுக்கொண்டிருந்தாள். உள்ளறையில் சேலைத் தொட்டிலில் பையன், குத்தின காது வீங்கி அழுது அழுது, இப்போதுதான் கண்ணயர்ந்திருந்தான். பெண்கள் கடைசிப் பந்தி. எப்போதும் கடைசிப் பந்தி.

நாற்காலியைப் பிடித்த மாதிரியேதான், அத்தை கூப்பிட்டு வந்த அன்றைக்கும் இதே கூடத்தில் நின்றார் அப்பா. உட்காரச் சொல்லியும் உட்காராமல், பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு. கையில் சாத்துக்குடிப் பை. அன்றைக்கு முந்தின இரவுதான் நாகஜோதி பாயைச் சுருட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்து படுத்தாள். கல்யாணமானதிலிருந்து ஒழுங்காகத் தூங்கியதில்லை. மறுநாள் அவள் கணக்கு டீச்சராக இருக்கிற பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புக்குப் பரீட்சை, அதற்கு முந்தின பரீட்சையில் மேற்பார்வைக்கு நின்றவள் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்து நின்றபடியே தூங்கிப்போய், பிள்ளைகள் சிரித்து, தலைமையாசிரியை கூப்பிட்டு, “ராத்திரி என்னம்மா பண்றீங்க, புதுசா கல்யாணம் ஆனவங்கதான், அதுக்காக?” என்று கேட்டாள். அதுக்காக. ராத்திரி என்ன செய்கிறாள் என்று அவளுக்கு என்ன தெரியும். அதனால்தான் அந்த ஓர் இரவு, ஒரே ஓர் இரவு, கூடத்தில் படுத்தாள். வாசல் தெளிக்க எழுந்த அத்தை பார்த்துவிட்டாள். இந்தத் தெருவில் மருமகள் கூடத்தில் தனியாகப் படுத்திருந்தால் அதற்கு ஓர் அர்த்தம்தான் உண்டு. தலைவலியா, புழுக்கமா என்று யாரும் கேட்பதில்லை. நாகஜோதி கண்ணைத் திறப்பதற்குள் அத்தை அவள் அப்பாவுக்குப் போன் போட்டுவிட்டாள், “சம்மந்தி, நீங்க கொஞ்சம் வந்து போங்க” என்று. அதைத் தவிர ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த மனிதர் வேடசந்தூரிலிருந்து பஸ்ஸில் வருகிற வழியெல்லாம் என்னென்ன நினைத்திருப்பார். கடைக்கு லீவு போட்டுவிட்டு, இருக்கிறதில் நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு, அதிலும் எண்ணெய் வாடை போகாமல், அவள் பள்ளிக்கூடம் கிளம்புவதற்குள் வந்து நின்றார். “புள்ள ஏதும் தப்பாப் பேசிருச்சா மாப்ள?” நாகஜோதி வாயைத் திறந்தாள். அவர் கொறட்டை விடுகிறார் அப்பா, எனக்குத் தூக்கமில்லை, அவ்வளவுதான் விஷயம். ஆனால் அதைப் பெரியவர்கள் மத்தியில், புருஷனைப் பற்றி, எப்படி ஆரம்பிப்பது, ‘இவர்’ என்றா, ‘உங்க மாப்ள’ என்றா, எந்தச் சொல்லில் தொடங்கினால் மரியாதை கெடாது என்று அவள் யோசித்துக்கொண்டிருந்த அந்தச் சின்ன இடைவெளியில், அவன் சொல்லிவிட்டான். “ஒண்ணுமில்ல மாமா. ஒங்க மகளுக்குக் கொறட்டை. எனக்குத் தொந்தரவாயிருக்கும்னு அதுவே எந்திரிச்சுப் போயிப் படுத்திருக்கு. பாவம்.”

பாவம் என்றான். அந்த ஒரு சொல்லைத்தான் அவளால் விழுங்க முடியவில்லை. பொய் சொன்னால் பொய்யோடு நிறுத்தியிருக்கலாம், பாவம் என்றும் சொன்னான். அத்தை வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தாள். பயந்ததுபோல் ஒன்றுமில்லை என்ற நிம்மதியில் அப்பாவும் சிரித்தார். சிரித்துவிட்டு, அந்தச் சிரிப்பு போதாது என்று நினைத்தாரோ என்னவோ, நாற்காலியைப் பிடித்திருந்த கையை எடுத்துக் கும்பிடுகிற மாதிரி வைத்துக்கொண்டு, “சின்னதுல இருந்தே அதுக்குச் சளி சம்மந்தியம்மா. மூக்கடைச்சுக்கிட்டுக் கொறட்டை வரும்போல. மாப்ள பெரிய மனசு பண்ணிப் பொறுத்துக்கணும்” என்றார். சளியா. எனக்கா. அன்றிலிருந்து அவள் அந்த இடத்திலேயே மாட்டிக்கொண்டு கிடக்கிறாள். அப்பா நம்பினாரா, நம்பாமலே சொன்னாரா? அவருக்கு எப்படித் தெரியும். நாகஜோதிக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அவர் பாலக்காட்டில் ஏதோ ஓட்டலில் மாவு வீசிக்கொண்டிருந்தார், ஓட்டல் மாடியிலேயே படுக்கை, பொங்கலுக்கும் பங்குனிக்கும் வருவார். அவள் ஆறாம் வகுப்பிலிருந்து விடுதி. அம்மா இருந்திருந்தால் சொல்லியிருப்பாள், என் பிள்ளை மூச்சு விடுவதே தெரியாது என்று. அம்மா, அவள் பட்டம் வாங்குவதற்கு முந்தின வருஷம் போய்விட்டாள். குடும்பத்தில் முதல் பட்டதாரி என்று தாசில்தார் அலுவலகத்தில் சான்றிதழ் கொடுத்தார்கள். அதைக் கேட்டுவிட்டு அப்பா போனில் அழுதார். அதே அப்பா அவள் தூங்கி ஒரு முழு இரவு பார்த்ததில்லை. பார்க்காத ஒரு தூக்கத்துக்காக அவர் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் பஸ் ஏறிப் போனார். சாத்துக்குடியை அத்தை சாறு பிழிந்து மகனுக்குக் கொடுத்தாள்.

அழகுமீனா முழங்கையால் இடித்தாள். “என்ன மதினி, சோத்துல படம் வரையுறீக? சாப்புடுங்க. ராத்திரி கொறட்டை விட தெம்பு வேணாமா?” அடுப்படி முழுக்கச் சிரிப்பு. இப்படித்தான், அந்த நாளிலிருந்து. பால்காரர் வீட்டுக்காரி வரைக்கும் தெரியும். நாகஜோதியும் சிரித்தாள். சிரிக்காவிட்டால் அதற்கும் ஒரு பேச்சு வரும். சிரித்தபடியே மனதுக்குள் அழகுமீனாவின் மூக்கில் மிளகைத் திணித்தாள், உடனே அந்த மிளகை எடுத்து அவள் அண்ணன் மூக்கில் திணித்தாள், துணி காயப்போடுகிற கிளிப்பை எடுத்து அந்த மூக்கில் மாட்டினாள். எத்தனை இரவு அப்படி மாட்டியிருக்கிறாள். மெத்தையோடு உருட்டிக்கொண்டு போய்த் தெருக்கோடியில் விட்டிருக்கிறாள். விடியும் வரை அவனை எழுப்பி எழுப்பி, ‘என்னங்க, தூங்குறீங்களா, சும்மா கேட்டேன்’ என்று கேட்டிருக்கிறாள். எல்லாம் மனதில்தான். நிஜத்தில் ஒருமுறை செய்தது, போனில் பதிவு பண்ணியது. காலையில் காபி கொடுத்துவிட்டுப் போட்டுக் காட்டினாள். இழுத்து, இறங்கி, உறுமி, ஏற்றத்தில் லாரி கியர் மாற்றுகிற மாதிரி ஒரு சத்தம். அவன் டம்ளரைக் கையில் வைத்தபடி முழுவதும் கேட்டான். உண்மையாகவே ஆச்சரியப்பட்டான். “நீதானா இது? இவ்ளோ சத்தமாவா விடுற?” அவள் போனை அணைத்தாள். ஆனால் யோசித்தால் அவன் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கத்தான் இருந்தது. பேச்சில் ஆளைக் கண்டுபிடிக்கலாம். குறட்டையில் ஆள் இல்லை. எவன் விட்டாலும் அது யாரோ விடுகிற சத்தம். கணக்கு டீச்சரிடமே நிரூபணம் இல்லை. அப்படிக் கேட்டபோது அவன் பொய் சொல்லவில்லை என்பதுதான் இன்னும் மோசம். அவனுக்குத் தெரியாது. நாள் முழுக்க நூல் மில்லின் இரைச்சலில் நிற்கிறவன், தலையைச் சாய்த்தால் காலையில்தான் எழுவான், நடுவில் நடந்த எதற்கும் அவன் சாட்சி இல்லை. அப்படியானால் எனக்கும் தெரியாது அல்லவா. நானும் விடுகிறேனோ? அவன் ஒரு நாள் எழுந்து உண்மையாகவே கேட்டிருந்தால்? விடுதித் தோழி விமலாவுக்குப் போன் பண்ணிக் கேட்டாள். “நீயா? நீ பொணம் மாதிரில்லடி கிடப்ப. ஒருநாள் பயந்துபோயி மூக்குல வெரல வச்சுப் பார்த்திருக்கோம்” என்றாள். நல்லது. ஆனால் விமலா யார் மனதையும் நோகடிக்க மாட்டாள். உப்பில்லாத விடுதிச் சாம்பாரைக்கூட நன்றாயிருக்கிறது என்று சொன்னவள்.

அதனால்தான் இன்றைக்கு. சாட்சிகள் வேண்டும். ஒருவர் இருவர் போதாது, கூடம் நிறைய வேண்டும். பட்டப்பகலாக இருக்க வேண்டும். அவள் பக்கத்தில் இருக்கக் கூடாது, அடுப்படியில் எச்சில் கையோடு எல்லார் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டும். அப்பா நேரே பார்க்க வேண்டும். எல்லாம் சரியாகச் செய்திருந்தாள். எங்கே விட்டது? மின்விசிறியா? காற்று அதிகமாக இருந்தால் அவன் குளிருக்கு ஒருக்களித்துக்கொள்வானோ? பேச்சுச் சத்தத்தில் தூக்கம் வரவில்லையா? ஒருவேளை அவன் கண்ணை மூடிக்கொண்டு சும்மா படுத்திருக்கிறானா, அவள் எண்ணம் தெரிந்து? தெரிந்திருக்குமோ? தயிர் போடும்போது ஒரு மாதிரிப் பார்த்தானே. உள்ளங்கை வேர்த்தது, எச்சில் கையில் வேர்வை, சோறு நசநசத்தது. கல்லூரியில் முதல் நாள் இப்படித்தான் வேர்த்தது. நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன், காதுகுத்து வீட்டில், நாத்தனார் பிள்ளையின் நல்ல நாளில், புருஷனுக்குப் பொறி வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். இது தெரிந்தால் படித்த திமிர் என்பார்கள். சொல்லட்டும். படித்துத்தான் இந்தப் பொறியைக் கண்டுபிடித்தேன் என்று, வேண்டாம், படித்தும் இதுதான் கண்டுபிடிக்க முடிந்தது என்று...

வந்துவிட்டது. முதலில் சின்னதாக, கதவு கீல் திறக்கிற மாதிரி. யாரும் கவனித்திருக்க மாட்டார்கள், அவளுக்கு மட்டும் முதுகுத்தண்டில் கேட்டது. பிறகு ஓர் இழுப்பு. பிறகு ஒரு பெரிய இழுப்பு, அதன் அடியில் உறுமல். கூடத்தில் பேச்சு தடுக்கி நின்றது. நாகஜோதி தலையைத் தூக்கவில்லை. ஒரு கவளம் எடுத்து வாயில் வைத்தாள். ருசியாக இருந்தது. இன்றைக்கு முதல்முதலாகக் குழம்பின் ருசி தெரிந்தது, மிளகும் சீரகமும் தனித்தனியாகத் தெரிந்தன. விடு, நன்றாக விடு, என் ராசா. அவன் விட்டான். அவள் ஏமாற்றமே படாதபடிக்கு விட்டான். ஓடு போட்ட தாழ்வாரம் வரைக்கும் போயிருக்கும். இப்போது சிரிப்பார்கள். இப்போது சந்தனம் ஏதாவது கிண்டலாகச் சொல்வார், அதற்கு அழகுமீனா, ஐயையோ நம்ம அண்ணனா, அப்ப மதினி இல்லையா, என்பாள். இப்போது. அத்தை சாப்பாட்டிலிருந்து தலையை நிமிர்த்தினாள். கூடத்தின் பக்கம் காதைக் கொடுத்தாள். அவள் முகம் மெல்ல இளகியது. “புள்ள அசந்து தூங்குறான்” என்றாள். “விடியக்காலையில இருந்து நின்ன காலு. மில்லுல வேற நாலு நாளா ஓவர்டைம். ஏண்டி, பாத்திரத்த உருட்டாதீக. மெதுவாப் பேசுங்கடி.” அழகுமீனா கரண்டியை ஓசைப்படாமல் வைத்தாள். கூடத்தில் சந்தனத்தின் குரல் தாழ்ந்தது. “உழைச்ச உடம்பு, அப்பிடித்தான் வரும்” என்றார் மரியாதையாக. யாரோ மின்விசிறியைக் கூட்டி வைத்தார்கள். அவ்வளவுதான். முடிந்துவிட்டது. உள்ளறையில் கைக்குழந்தை தூங்கும்போது யாரும் மெதுவாகப் பேசச் சொல்லவில்லை. நாகஜோதியின் வாயில் இருந்த கவளம் அப்படியே நின்றது. அவன் விட்டால் உழைப்பு. நான் விட்டால் சளி. அவன் விட்டால் ஊர் அடங்குகிறது, நான் விடாத குறட்டைக்கு என் அப்பா கை கூப்புகிறார். சாட்சிகள் எல்லாரும் கேட்டார்கள். எல்லாரும் கேட்டும் ஒருவருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. இதற்கு மேல் என்ன நிரூபணம் கொண்டுவருவது?

அவள் எட்டிப் பார்த்தாள். வாசல் சட்டத்துக்குள் கூடம் தெரிந்தது. நடுவில் மேடு மாதிரி அவன் வயிறு. அதற்கு அந்தப் பக்கம் நாற்காலி நுனியில் அப்பா. அவர் மட்டும் மின்விசிறியைப் பார்க்கவில்லை, சந்தனத்தைப் பார்க்கவில்லை. பாயில் கிடந்த மருமகனின் திறந்த வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுப்பின் மேல் கல் சரியாகக் காய்ந்ததா என்று பார்க்கிற பார்வை. பிறகு மெல்லத் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார். அந்த நேரத்தில்தான் அது நின்றது. குறட்டை நின்றது, குறட்டையோடு மூச்சும் நின்றது. கூடத்தில் யாரோ நிம்மதியாகத் தொண்டையைச் செருமிக்கொண்டு மழைப் பேச்சை விட்ட இடத்தில் தொடர்ந்தார்கள். அவர்களுக்கு அது அமைதி. நாகஜோதிக்கு மட்டும்தான் தெரியும் அது என்னவென்று. ராத்திரி அவளை விழிக்க வைத்தது சத்தம் என்றுதான் எல்லாரிடமும், தன்னிடமும்கூட, சொல்லிக்கொண்டிருந்தாள். சத்தத்துக்குப் பஞ்சு வைத்துக்கொள்ளலாம். இதற்கு எதை வைப்பது. இப்படி நின்றுபோன பிறகு அடுத்த மூச்சு வருமா வராதா என்று இருட்டில் காதைத் தீட்டிக்கொண்டு கிடக்கிற அந்தப் பள்ளம், அதில்தான் அவள் தூக்கம் எல்லாம் விழுந்து தொலைந்தது. அந்தப் பள்ளத்திலிருந்து அவள்தான் அவனைத் தினமும் தூக்கினாள், இடது கையைத் தோளில் கொடுத்து, முட்டியை முதுகுக்கு அடியில் கொடுத்து. தூக்கியவளுக்குத்தான் பாவம் என்று பெயர் வைத்தான். கிடக்கட்டும். இன்றைக்குத் தூக்க மாட்டேன். அவன் அம்மா தூக்கட்டும், மெதுவாகப் பேசுகிற அத்தனை பேரும் தூக்கட்டும். இன்னும் வரவில்லை. கிடக்கட்டும். அவன் வயிறு மேலே ஏறவில்லை. உதடு ஓரம் ஒரு நிறம் மாறியதா, ஜன்னல் வெளிச்சமா. நின்றே போகட்டும் என்று ஒரு சொல் அவளுக்குள் தெளிவாகக் கேட்டது, அவள் குரலிலேயே. கேட்டதும் அவள் எழுந்துவிட்டாள்.

எப்படிக் கூடத்துக்கு வந்தாள் என்று தெரியாது. வலது கை முழுக்கக் குழம்பு. அதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஆண்கள் நடுவில், புடவையோடு முட்டி போட்டு உட்கார்ந்து, இடது கையால் அவன் தோளைப் பிடித்து, முட்டியை அவன் முதுகுக்கு அடியில் கொடுத்து, ஓர் ஏத்து. அவ்வளவு பெரிய உடம்பு தொட்டில் மாதிரி ஒருக்களித்தது. தொண்டையில் ஏதோ அறுந்து திறந்துகொண்டது போல் மூச்சு உள்ளே பாய்ந்தது. இருமினான். பிறகு வாயை மூடிக்கொண்டு சாதாரண மனிதன் மாதிரி மூச்சு விட ஆரம்பித்தான். விழிக்கவில்லை. அவள் முட்டியை எடுக்காமல் முட்டுக்கொடுத்தபடியே இருந்தாள். சந்தனம் வாயில் போட்ட வெற்றிலையை மெல்லாமல் இருந்தார். “என்னத்தா ஜோதி இது, இத்தன பேரு முன்னால. தூங்குற புள்ளைய எதுக்கு எழுப்புற?” என்று அத்தை அடுப்படி வாசலிலிருந்து பதறினாள். “எழுப்பல அத்தை. திருப்புறேன்” என்றாள் நாகஜோதி. இந்தத் தடவை எந்தச் சொல்லில் தொடங்குவது என்று யோசிக்கவில்லை. “மல்லாந்து படுத்தா இவருக்கு மூச்சு நிக்குது. தெனமும் ராத்திரி இப்பிடித்தான் திருப்புறேன். டாக்டர்கிட்டக் காட்டணும். அன்னைக்கு ஒரு நா முடியாமத்தான் கூடத்துல வந்து படுத்தேன்.” அத்தையின் வாய் திறந்தது, ஏதோ சொல்வதற்காக. அதற்குள் அப்பா நாற்காலியிலிருந்து எழுந்தார். பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார், அன்றைக்கு நின்ற மாதிரியே. அதே பணிவான குரலில் கேட்டார். “சம்மந்தியம்மா, மாப்ளைக்கும் சின்னதுல இருந்தே சளி இருந்துச்சோ?”

அவர் தெரிந்து கேட்டாரா, வெள்ளந்தியாகக் கேட்டாரா என்று அந்தக் கூடத்தில் யாராலும் சொல்ல முடியாது, நாகஜோதியாலும். ஆனால் சந்தனம் வெற்றிலை புரையேறி இருமினார். அழகுமீனா தன் அம்மாவைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள். அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள், இந்தத் தடவை சிரிப்பதற்கு அல்ல. நாகஜோதி எழுந்து போய்க் கையைக் கழுவினாள். விரல் விரலாகக் கழுவினாள். இடுப்பிலிருந்து சாவியை எடுத்துப் பீரோவைத் திறந்து நீளத் தலையணையைக் கொண்டுவந்து அவன் முதுகுக்கு முட்டுக்கொடுத்தாள். அதோடு முடிந்திருக்கலாம். அடுப்படியில் அவள் இலை இன்னும் மூடாமல் கிடந்தது. ஆனால் கணக்கில் ஒரு படி விட்டுப்போயிருந்தது, அது அவளுக்குத் தெரியும். இவன் விடுகிறான் என்பதால் நான் விடவில்லை என்று ஆகிவிடாது. சுவரோரம் சாய்த்து வைத்திருந்த இன்னொரு பாயை எடுத்தாள். விரித்தாள். அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில், ஆண்கள் எல்லாரும் பார்க்க, நடுக்கூடத்தில். “ஏத்தா, உள்ள போயிப் படு” என்றாள் அத்தை. குரலில் உத்தரவு இல்லை. “இல்ல அத்தை. இங்கயே படுக்கிறேன். எல்லாரும் இருக்கீங்கள்ல.” பிறகு அப்பாவிடம் சொன்னாள், “நான் கொறட்டை விட்டா எழுப்புங்கப்பா. மறைக்காமச் சொல்லணும்.”

மல்லாந்து படுத்தாள். தலையணைகூட வைத்துக்கொள்ளவில்லை. யாரும் குறை சொல்லிவிடக் கூடாது. கண்ணை மூடினதும் பயம் வந்தது, பரீட்சைத் தாளைத் திருப்புகிற பயம். வந்துவிட்டால்? இத்தனை பேர் முன்னால் வந்துவிட்டால், அப்பா முன்னால்? விமலா நல்லதுக்குப் பொய் சொல்லியிருந்தால்? எழுந்துவிடலாமா. உடம்பு எழவில்லை. எத்தனையோ இரவுகள் சேர்ந்து கண் இமையின் மேல் உட்கார்ந்திருந்தன. தரை குளிர்ச்சியாக இருந்தது. பக்கத்தில் அவன் மூச்சு ஒழுங்காக வந்து போனது, அதை இன்றைக்கு வேறு யாராவது கேட்டுக்கொண்டிருக்கட்டும், முழித்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள். வந்தால் வரட்டும். வந்தால் அது என்னுடையது, எனக்கும் தெரிந்துபோகும். சந்தனம் எதையோ சொல்லிச் சிரிக்கத் தொடங்கினார், கிடாயைப் பற்றியோ மழையைப் பற்றியோ, சத்தம் எங்கோ படிக்கட்டுக்குக் கீழே இறங்கிப் போனது. அவள் தலைக்கு மேல் நாற்காலி மெல்ல நகர்ந்தது. எண்ணெய் வாடை. யாரோ துண்டால் அவள் கால்மாட்டில் ஈ விரட்டினார்கள். கடைசியாக அவளுக்குக் கேட்டது அப்பாவின் குரல், அவர் இதுவரை எந்த வீட்டுக் கூடத்திலும் பேசியிராத ஒரு குரல்.

“கொஞ்சம் மெதுவாப் பேசுங்க சம்மந்தி. புள்ள தூங்குது.”